டிரைவர் வெளியே வர வேண்டும்

மஞ்சுளாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஏதோ ஒரு தப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் சென்ற மாதம் அந்தத் திங்கட்கிழமை காலை போனை எடுத்ததும், "சொல்லுங்க, இன்னிக்கி என்ன கண்டுபுடிச்சீங்க?" என்றேன். பேசியவர் அவருடைய கணவர் முனிராஜ். "நெஞ்சு வலின்னா மேடம். கிருஷ்ணகிரி போறதுக்குள்ள போயிட்டா" என்றார். கேட்டுவிட்ட கேள்வியை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

ஓசூரில் எங்கள் சின்ன ஸ்டுடியோவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அதற்கு முன் தொழிற்சாலையில் அவரோடு ஷிப்ட் பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். துக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மஞ்சுளாவை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர் அவர். வீடியோ கேம்களுக்கு வண்டிகளைக் கம்ப்யூட்டரில் செய்து தருவது எங்கள் தொழில். அவரோ வாழ்நாளில் ஒரு கேம்கூட ஆடியதில்லை. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களைத் திட்டத் தமிழ். வந்த அன்றே கையெழுத்துக்குக் கட்டம் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். தொழிற்சாலையில் முதல் பீஸைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் மேற்கொண்டு ஓடும். "இங்கியும் அப்படித்தான் மேடம். என் கையெழுத்து இல்லாம ஒண்ணும் வெளிய போவாது" என்றார். முதலாளி நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு டாங்கி. எப்போதோ ஒரு வெளிநாட்டுப் படை சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கழித்துக்கட்டிய சின்ன டாங்கி. எங்கள் கையில் இருந்தவை பக்கவாட்டு வரைபடம் ஒன்றும் மங்கலான புகைப்படம் ஒன்றும் மட்டுமே. கேம் கம்பெனிக்குப் பிடித்தால் இன்னும் பத்து வண்டிகள் தருவார்கள். பிடிக்காவிட்டால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான். புகைப்படத்தில், டாங்கியின் மேல் சுழலும் பீரங்கிக் கூண்டு ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிந்தது. படம் எடுத்தவர் சாய்வாக நின்றிருப்பார் என்று நாங்களே முடிவு கட்டி, கூண்டை நட்டநடுவில் வைத்தோம்.

அனுப்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மஞ்சுளா கேட்டார்: "இதுல டிரைவர் எப்படி மேடம் வெளிய வருவாரு?"

"இது பொம்மை மஞ்சுளா. உள்ள யாரும் உக்காரப் போறதில்ல."

"பிரேக்கும் வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது மேடம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஃபேக்டரிய இங்க கொண்டாராதீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவருடைய ஊரான வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு மினி லாரி வந்து நின்றது. அவர்கள் தோப்பில் மாங்காய் நிரப்பும் பிளாஸ்டிக் கிரேட்டுகள். ஹாலில் எங்கள் அளவுப்படியே அவற்றை அடுக்கி முழு டாங்கியையும் கட்டினார். கூண்டுக்குப் பதிலாக எங்கள் சாப்பாட்டு மேசையின் வட்டப் பலகை. டிரைவர் இடத்தில் தானே இறங்கி உட்கார்ந்துகொண்டு, பலகையை மேலே வைக்கச் சொன்னார். எழுந்திருக்கப் பார்த்தபோது தோள் பலகைக்கு அடியில் வசமாக மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "யாரும் சிரிக்காதீங்க. நான் குண்டுதான். ஆனா தப்பு டேங்க் மேல!"

சிரிக்காமல் எப்படி இருப்பது? பலகையைத் தூக்கி அவரை வெளியே எடுத்தோம். வந்த கையோடு எங்களில் ஒல்லிக்குச்சியான ஜோசப்பைப் பிடித்து உள்ளே தள்ளி, பலகையைத் திரும்ப வைத்தார். அவனும் மாட்டிக்கொண்டான். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பலகையை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளினார். ஜோசப் பல்லி மாதிரி சுலபமாக வெளியே வந்தான். புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். கூண்டு அங்கேதான் இருந்தது. படம் எடுத்த மனிதர் நேராகத்தான் நின்றிருக்கிறார்.

மூன்று நாள் கூடுதலாகக் கேட்டு கம்பெனிக்கு எழுதினேன். தந்தார்கள். வேலைக்கு ஒப்புதல் கிடைத்தது, பத்து வண்டிகளும் வந்தன. டிரைவர் தலைக்கு மேலுள்ள மூடி சரியாகத் திறக்கிறது என்பதைப் பார்த்து அவர்களே ஒரு காட்சியையும் சேர்த்தார்கள். டாங்கி அடிபட்டதும் மூடி திறக்கும், டிரைவர் குதித்து ஓடுவார். யார் ஜெயித்தார்கள் என்று மஞ்சுளா ஒருநாளும் கேட்டதில்லை. "வந்துட்டான்!" என்று கைதட்டுவதோடு அவருக்கு கேம் முடிந்துவிடும்.

காரியத்துக்கு வேப்பனப்பள்ளி போயிருந்தேன். "இவ அங்க என்ன வேல செஞ்சான்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல மேடம்" என்றார் முனிராஜ். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். குண்டு பாய்ந்தது, மூடி திறந்தது, டிரைவர் ஓடினார். "இன்னொரு தபா" என்றார் முனிராஜ். ஐந்தாவது தடவைக்குள் வீடே கைதட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஆளு வெளிய வரத்துக்கா அன்னிக்கி உங்ககிட்ட சண்ட போட்டுட்டு வந்து, ராத்திரியே கிரேட்டெல்லாம் கழுவச் சொன்னா?" என்றார்.

"ஆமாங்க. நான்தான் தோத்தேன்" என்றேன்.

மஞ்சுளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தோல்வியைத்தான். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் இப்போது நான் போடுகிறேன். நேற்று ஒரு படகு முடிந்து வந்தது, பார்க்க மிக அழகாக இருந்தது. எல்லோரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏறினவங்க எப்படி இறங்குவாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.