வேல்விழி போட்ட களிம்பு

உப்பு விஷயத்தில் வேல்விழி போலீஸ்காரிதான். கடையில் விற்கும் அயோடின் உப்பு ஒரு மாதமாக வீட்டுக்குள் வரவில்லை. கருவாடு, முட்டை, பால் எதுவும் வரவில்லை.

“ஏட்டி, மோராவது கொஞ்சம் ஊத்து. நான் என்ன ஜெயில்லயா கெடக்கேன்?” என்பார் அவள் புருஷன் குற்றாலீஸ்வரன்.

“ஜெயில்லன்னா மோர் ஊத்துவாவ. இங்கன கெடையாது.”

குற்றாலம் அருவிக்கரையில் முப்பது வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் அவர். கழுத்தில் தைராய்டு புற்று வந்தது. ஆபரேஷன் முடிந்து கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். ஆனாலும் நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள் அயோடினை உறிஞ்சுவதையே நிறுத்திவிட்டன. உறிஞ்சாத கட்டியை மருந்து எப்படி எரிக்கும்?

டாக்டர் ஜெயபிரியா புது வழி ஒன்று சொன்னார். கட்டியின் மரபணுவைச் சோதித்து, அதற்கென்றே ஒரு மாத்திரை. நாலு வாரம் தின்றால் கட்டி பழையபடி அயோடினை வாங்கக்கூடும். வாங்கினால் உடனே கதிரியக்க அயோடின் பெரிய டோஸாக. அதுவரை உப்பு, பால், மீன் என்று வேறு எந்த வழியிலும் அயோடின் உடம்பில் சேரவே கூடாது. ஓர் அறக்கட்டளை ஒரே ஒரு தடவைக்கு விலை கூடிய அந்த மாத்திரையைக் கொடுத்தது.

அது சாரல் காலம். வீட்டில் இருக்கச் சொல்லி அவள் அழுதும் கேட்காமல் அவர் அருவிக்கரைக்கு வேலைக்குப் போனார். நாளெல்லாம் ஈரத்தில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண். சாயங்காலம் வந்ததும் அந்தக் கால்களை மடியில் வைத்து, மருந்துக்கடையில் வாங்கிய பழுப்புக் களிம்பை விரல் விரலாகப் பூசிவிடுவாள். தினமும் பூசினாள்.

நாலு வாரம் கழித்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்தது. கட்டிகள் அயோடினைத் துளிகூட வாங்கவில்லை.

“சிறுநீர்ல அயோடின் ரொம்ப இருக்கு. என்ன சாப்பிட்டீங்க?” என்ற டாக்டரின் கண் அவர் காலில் நின்றது. “இது என்ன களிம்பு? இது அயோடின்தானே! தோல் வழியா உள்ள போயிருக்கு. உடம்பு முழுக்க அது நெறைஞ்சு கெடக்கும்போது, நாங்க கொடுக்கறதைக் கட்டி எப்படி வாங்கும்?”

வேல்விழி தன் விரல்களைப் பார்த்தாள்.

“இவளுக்குத் தெரியாது டாக்டரம்மா. நான்தான் ஒளிச்சு வச்சுப் பூசினேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்றார் அவர்.

“மாத்திரை கேட்டு அறக்கட்டளைக்குத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அவள் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் தென்காசியைத் தாண்டியது. பிறகு அவள் கேட்டாள். “ஏன் அங்கன பொய் சொன்னிய?”

“எனக்குப் பொறவு நீ இருக்கணும்லாட்டி. இந்தப் பழியோடயா இருப்ப?” பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு வையி. கடை உப்பே போடு. இனி என்ன பத்தியம்?” என்றார்.

வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். அவள் நகக்கண்களில் பழுப்பு நிறம் இன்னும் போகவில்லை. அந்தக் கையால்தான் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.