சாந்தாமேரி வைத்த சோலார்

சாந்தாமேரி கேக் செய்து விற்கத் தொடங்கியது, கணவருக்குக் கை போன பிறகு. பாக்கியநாதன் லைன்மேனாக இருந்தவர். ஒரு மழை நாளில் லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருந்தார். கீழே ஒரு லாட்ஜில் ஜெனரேட்டரை முறையில்லாமல் லாட்ஜ் லைனோடு சேர்த்து ஓட்டினார்கள். அந்த மின்சாரம் செத்துக் கிடந்த கம்பியில் திரும்பி ஏறிவிட்டது. உயிர் பிழைத்தார், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

அவள் சிறு வயதில் கான்வென்ட் சமையலறையில் கற்ற கேக்தான் அதன்பின் வீட்டைத் தாங்கியது. மலைமேல் வெள்ளக்கடை என்ற தங்கள் ஊரில் ஆரம்பித்த வியாபாரம் ஒண்டிக்கடைப் பக்கத்துக் கடைகள்வரை போயிற்று. பெரிய கரண்ட் அடுப்பு வாங்கினாள், ஃப்ரீசர் வாங்கினாள். கூடவே கரண்ட் பில்லும் பெரிதாயிற்று. மானியம் கிடைக்கிறது, கூரையில் சோலார் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் பேச்சை எடுத்தாள்.

"மூட்டத்துல காலையில பத்து மணி வரைக்கும் எதுத்தாப்ல இருக்கற மரமே தெரியறதில்ல. இந்த ஊர்ல சூரியன நம்பிப் பணத்தப் போடறியா?" என்றார் பாக்கியநாதன்.

"மரம் தெரியாட்டியும் பில்லு நல்லாத் தெரியுதுங்களே."

அவர் சிரித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை, கூரைமேல் நிழல் விழுகிறதே என்று பக்கத்து எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் தாமே போய்ப் பேசி, இரண்டு சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிக்க அனுமதி வாங்கி வந்தார்.

சேலத்திலிருந்து சோலார் கம்பெனிக்காரன் வசந்த் வந்தான். "மூட்டத்துல கொறையுமுங்கம்மா, ஆனா சுத்தமா நிக்காதுங்க. வெயில் காலத்துல மிச்சமாகறது லைனுக்குப் போயி உங்க கணக்குல சேந்துரும்" என்றான். சீட்டெடுத்த பணத்தைக் கொடுத்தாள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தலைக்கு மேலேயே கரண்ட் தயாராகும்போது தன் வீட்டில் ஏது கரண்ட் கட் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

கோடை முழுக்க அவள் நினைத்தபடிதான் நடந்தது. சீசன் கூட்டத்துக்கு அடுப்பு ஓயாமல் எரிந்தும் பில் முன்பு வந்ததில் ஒரு துணுக்குத்தான். ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார்.

மார்கழி பிறப்பதற்கு முன் புயல் வந்தது. ராத்திரி அடித்த காற்றில் கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் மரம் சாய்ந்து லைனை அறுத்துவிட்டது. காலையில் மழை விட்டு, கழுவி வைத்தது போல் வெயில் வந்தது. மறுநாள் கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சுஜாதாவின் மகள் கீர்த்திகாவுக்கு நிச்சயதார்த்தம். மூன்றடுக்குக் கேக் சொல்லியிருந்தார்கள். மாவைக் கலக்கி வைத்துவிட்டு அடுப்பின் சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். சோலார் பலகைகள் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

வசந்துக்கு ஃபோன் போட்டு ஒரு பிடி பிடித்தாள். "என்ற ஊட்டுக் கூரைய அடைச்சு வெச்சுட்டு, அவசரத்துக்கு உதவலீன்னா இது எதுக்கு சாமி? ஏமாத்திப்போட்டயே!"

"ரிப்பேர் இல்லீங்கம்மா. லைன்ல கரண்ட் போனா அதுவும் தானா நின்னுருமுங்க. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"எதுக்கு?"

"நம்ம கூரையிலிருந்து கரண்ட் கம்பிக்குத் திரும்பிப் போச்சுன்னா, கம்பத்துல ஏறி வேலை பாக்கற லைன்மேன் உசுருக்கு ஆபத்துங்க."

சாந்தாமேரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கோணும் கண்ணு" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த பாக்கியநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து முற்றத்துக்கு வந்து கூரையையே வெகுநேரம் பார்த்தார். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு இத யோசிச்சு வெச்சாங்களோ, நல்லா இருக்கட்டும்."

அவள் உள்ளே போய் அண்டாவில் மணலைக் கொட்டி கேஸ் அடுப்பில் ஏற்றினாள். ஒவ்வோர் அடுக்காக வேக வைத்ததில் மத்தியானம் தாண்டிவிட்டது. ஒன்று ஒரு பக்கம் கருகியது. சுரண்டி எடுத்துவிட்டு க்ரீமைக் கொஞ்சம் தடிப்பாகப் பூசினாள்.

பிறகு ஃப்ளாஸ்க் நிறையக் காப்பியும் உதிர்ந்த கேக்குத் துண்டுகளும் எடுத்துக்கொண்டு இருவரும் வளைவுக்கு நடந்தார்கள். கம்பத்தின் உச்சியில் ஒருவர் பெல்ட்டில் தொங்கியபடி கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை பாக்கியநாதன் காப்பியைத் தொடவில்லை. சாந்தாமேரியும் தொடவில்லை.

அடுத்த வாரம் வசந்த் சங்கடத்தோடு வந்தான். பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் போட்டால், லைனைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் ஓட்டலாம் என்றான். அடுப்பு ஓடும் அளவுக்குக் கேட்டால் சோலார் வாங்கிய விலை இன்னொரு தடவை ஆகும் போலிருந்தது. ஃப்ரீசருக்கும் விளக்குக்கும் காணும்படி சிறிதாகப் போடச் சொன்னாள். மூட்ட மாதங்களில் பில் மறுபடி ஏறியது. ஆனாலும் வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தபோது கையைக் கடிக்கவில்லை. போட்ட பணம் திரும்பி வரச் சில வருஷம் ஆகும். வந்துவிடும் என்ற தைரியம் அவளுக்கு இருந்தது.

வசந்த் வந்துபோன அதே வாரம், நிச்சயதார்த்தக் கேக்குக்கு மிச்சப் பணம் கொடுக்க வந்த சுஜாதா கூரையைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க்கா, நாங்களும் போடலாமுங்களா? பிரயோசனமா இருக்குதுங்களா?"

"எனக்குப் பிரயோசனந்தானுங்க. பகலெல்லாம் அடுப்பு எரியுது. உங்கூட்டு மேல வெயில் எவ்வளவு நேரம் விழுது?"

சுஜாதா யோசித்தாள். "எங்கீங்க விழுது? சுத்தியும் பலா மரமும் ஓக்கும். காப்பிக்கு நெழலு வேணுமுங்களே."

"அப்ப உங்களுக்கு வேண்டாமுங்க. மரத்த வெட்டிப் பலகை மாட்டறதா? காப்பியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சாந்தாமேரி அவள் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்தாள்.