சருகுக்கு வைக்காத தீ

மலைமேல் குண்டனி நாட்டில் நானும் மச்சானும் பங்குக்கு எடுத்திருந்த மிளகுத் தோட்டத்தில் சருகு முழங்கால் உயரம் கிடந்தது. பங்குனிக் காற்று காட்டுப் பக்கமாக வீசியது. மச்சான் தீப்பெட்டியோடு வந்தார்.

"காத்துல வெச்ச தீ எல்லை தாண்டினா வெச்சவன்தான் பொறுப்பு. மார்க்கச் சட்டம்" என்றேன்.

"அது பக்கத்துத் தோட்டக்காரனுக்குங்க. காட்டுக்கு ஈடு கேட்டு யாரு வருவா? கரடியா?"

"மறுமையில அல்லாஹ் முன்னாடி கரடியே கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அப்பப் பங்கைப் பிரிச்சுக்கலாங்க."

"பிரிச்சுக்கங்க. உங்க பாதியிலயும் தீ வைக்க விடமாட்டேன்."

அவர் சேந்தமங்கலம் பஸ் ஏறி மலையிறங்கிப் போனார். நான் சருகை வாரி மிளகுக்கொடிகளின் அடியில் போட ஆரம்பித்தேன். என் பாதி முடிந்ததும் அவர் பாதிக்குள் நுழைந்தேன்.