மஞ்சள் விளக்கில் கறுத்த நீலம்

துர்கா பூஜையின் சஷ்டியன்று மாலை பந்தல் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்த அந்தக் கணம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் தெருப் பூஜைக்கு, பந்தலின் முகப்புப் படத்தை அந்த வருஷம் என் அத்திம்பேர் வரைந்திருந்தார். அக்காவின் கணவர், வங்கி அதிகாரி. ஓவியம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். தலைமுறைகளாக அங்கே குடியிருந்தும், தமிழ்க்காரர்களை நம்பி இப்படி ஒரு வேலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அக்கா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அத்திம்பேர் வண்ணங்களைக் குழைக்கவில்லை. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தூக்கிக் காட்டும் என்று ஒளியை ஆராய்ந்தவர்கள் கண்டு சொன்னதையும், அதைப் படித்த பிரெஞ்சு ஓவியர்கள் தூய நிறங்களைப் புள்ளி புள்ளியாக வைத்ததையும் சாப்பிடும்போதுகூடப் பேசுவார். "கலக்கறது நம்ம கண்ணுதான், தூரிகை இல்லே" என்பார். மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து, நீலமும் ஆரஞ்சுமாகப் புள்ளி வைத்தே ஒரு விடியற்கால வானத்தைக் கொண்டுவந்தார். இவ்வளவும் தெரிந்தவருக்கு, பூஜை பார்க்க ஊரே ராத்திரியில்தான் வரும் என்பது மட்டும் தோன்றவில்லை. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விளக்குகள் அடர் மஞ்சள். அந்த வெளிச்சத்தில் நீலப் புள்ளிகள் அத்தனையும் கறுத்துப்போய், வானம் பூசணம் பிடித்த சுவராக நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. "கூப் பாலோ, தாதா", ரொம்ப நன்றாக இருக்கிறது அண்ணா, என்று ஒவ்வொருவராக வந்து பாராட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. கேலி செய்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். அக்கா தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். பூஜைக் கமிட்டிச் செயலாளர், தூசி படியும் என்று நாசூக்காகச் சொல்லி, படத்தின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டச் செய்தார். ஏணியை அத்திம்பேரே பிடித்துக்கொண்டார்.

இப்போது பந்தலில் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது, நீலம் நீலமாகவே தெரிகிறது. அத்திம்பேர் அதன்பின் தூரிகையைத் தொடவில்லை. வருஷா வருஷம் அங்கே போய் நிற்கும்போது அந்த மாலைகூட எனக்கு அவ்வளவு உறைப்பதில்லை, மறுநாள் காலைதான். பால் வாங்கப் போயிருந்தேன். கிழக்குப் பார்த்த பந்தலில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அத்திம்பேர் தனியாக நின்று துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே வானம் நிஜமாகவே விடிந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகு! "அத்திம்பேர்!" என்று கூப்பிட்டுவிட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலத் துணியை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஒண்ணுமில்லேம்மா, துணி விலகியிருந்தது. சரியா மூடினேன்."