சிவப்பு நூல் வரைக்கும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் என் பதினொரு வயதுக் கையெழுத்தில் ‘சால்வை’ என்று எழுதி, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். உள்ளே தேதி, தொடங்கிய வரிசை, முடித்த வரிசை என்று மூன்று கட்டங்கள். ஏழாம் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் முளைக்கிறது: ‘சந்தேகம்’.

அந்த வருடம் பங்குனியில் அக்கா தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை சித்திரையில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதன் ஞானஸ்நானத்துக்கு என் கையால் ஒரு வெள்ளை லேஸ் சால்வை பின்னுவது என்று நான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் அதுவரை ஒரு பை, ஒரு மேசை விரிப்பு, அவ்வளவுதான் பின்னியிருந்தேன். ஊட்டியில் நர்ஸாக இருந்த சித்தி மூன்று உருண்டை கம்பளி நூல் அனுப்பியிருந்தாள். ஊதினால் பறக்கும், கை வியர்த்தால் ஒட்டிக்கொள்ளும், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். காரைக்குடி வெயிலில் அதைக் கையாளக் கையில் பவுடர் போட்டுக்கொண்டேன்.

சாப்பிடும்போது என் திட்டத்தை அறிவித்தேன். முதலில் சிரித்தது அத்தைதான். அப்பாவின் அக்கா, மாமா இறந்தபின் எங்களோடு இருந்தார்.

“சித்திரையில பொறக்குற பிள்ளைக்குக் கம்பளியாடி? இட்லி மாதிரி அவிச்சு எடுக்கப் போறியா?”

“லேஸ் அத்தை. முழுக்க ஓட்டையாத்தான் இருக்கும். காத்து வரும்.”

“அப்ப கொசுவலைன்னு சொல்லு” என்றாள் அக்கா.

“எப்ப முடிப்ப?” என்று அத்தை கேட்டார்.

“அக்கா ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள.”

அத்தை ரசத்துக்குச் சோறு வாங்காமல் எழுந்து போனார். அன்று அதை நான் எழுதி வைக்கவில்லை. சந்தேகக் கட்டம் அப்போது கிடையாது.

ஊசியில் எண்பத்தொரு கண்ணி, அதாவது நூல் வளையம்; மொத்தம் நூற்றிருபது வரிசை. இலை வடிவம். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றினால் ஓர் ஓட்டை. அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னினால் கணக்கு சரியாகிவிடும். ஒரு கண்ணி நழுவினால் ஏணியில் இறங்குவதுபோல் அடிவரை இறங்கிவிடும். அதற்காகக் கைவேலை ஆசிரியை ஒரு வழி சொல்லியிருந்தார். பத்து வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் சிவப்புத் தையல் நூலைக் கோத்துவிட வேண்டும். பிழை வந்து பிரித்தாலும் பிரிவு சிவப்பு நூலோடு நின்றுவிடும்.

நாற்பத்தேழு வரிசை முடித்துப் பிரம்புக் கூடையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன நாளில்தான் அது தொடங்கியது. மாலையில் வந்து எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பதுதான். என் கணக்கில் பிழை இருக்கும் என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். மறுநாள் நாற்பத்தெட்டு ஆக்கினேன். அடுத்த மாலை மறுபடி நாற்பது. இனி என் கணக்கை நம்பலாம், வீட்டைத்தான் நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்தேன்.

முதல் சந்தேகம் பூனை மேல். ஆனால் பூனை பிரித்த நூலைத் திரும்ப உருண்டையில் சுற்றி வைக்காது. எண்பத்தொரு கண்ணியையும் ஒன்று விடாமல், ஒன்றும் முறுக்காமல் ஊசியில் ஏற்றி வைக்காது. எனக்கே அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். செய்தவருக்குப் பின்னத் தெரியும், அதுவும் என்னைவிட நன்றாக. இதை எழுதி, அடிக்கோடிட்டேன்.

அம்மாவுக்குப் பொத்தான் தைப்பதே பெரிய காரியம். அக்காவிடம் ஊசியைக் கொடுத்துப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்து முதுகைச் சொறிந்துகொண்டாள். மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அத்தையிடம் போனேன்.

“அத்தை, நீங்க ஸ்வெட்டர் எல்லாம் பின்னுவீகளா?”

“எனக்கு எங்குட்டு அதெல்லாம் வரும்? போடி அங்குட்டு, நெடி ஏறும்.”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே மிளகாயில் இரண்டு முறை காம்பு கிள்ளப் போனார். நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

அன்றே ஒரு பொறி வைத்தேன். நாற்பத்தாறாம் வரிசையில், பத்து ஆகாமலே, புதிதாக ஒரு சிவப்பு நூல் கோத்தேன். குற்றவாளி சிவப்பு நூலை மதிப்பவர் என்றால் அங்கே நிற்க வேண்டும். மறுநாள் சால்வை நாற்பதில் இருந்தது. நான் புதிதாகக் கோத்த சிவப்பு நூல் உருவப்பட்டு, விரலில் சுற்றிய சிறு வளையமாகக் கூடையின் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த ஒழுங்கு எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை அத்தை திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போனார். பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலே இரண்டு புடவை, ஜெபமாலை, மாமாவின் கண்ணாடிக் கூடு. எல்லாவற்றுக்கும் அடியில், வேட்டித் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை வாசத்தோடு ஒரு லேஸ் சால்வை. முழுதாக முடிந்தது. கடைசி வரிசை கட்டி, நூல் முனையை உள்ளே செருகி, நான்காக மடித்தது.

எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அத்தை ஒரு போட்டிச் சால்வை பின்னி ஒளித்து வைத்திருக்கிறார். என்னுடையது முடியாமல் பார்த்துக்கொண்டு, ஞானஸ்நானத்தன்று தன்னுடையதை எடுத்து நீட்டப் போகிறார்.

அத்தை சந்தையிலிருந்து வரும்வரை பொறுத்தேன். எல்லோரும் இருக்க வேண்டும் என்று அப்பாவும் வரும்வரை பொறுத்தேன். பிறகு சால்வையைக் கூடத்து நடுவில் கொண்டுவந்து விரித்தேன்.

“பாத்தீகளா? அத்தை களவா ஒண்ணு பின்னி வச்சிருக்காக! என்னோடத தெனமும் பிரிக்கிறது இவகதேன். பொறாமை!”

அம்மா வாயில் முந்தானையை வைத்தாள். அப்பா என்னை அடிப்பார் என்று ஒரு பக்கத்து உடம்பைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

“ஆமாத்தா, நாந்தேன் பிரிச்சேன்” என்றார். “ஆனா இது இப்பப் பின்னுனது இல்ல. நீ பொறக்குறதுக்கு முந்தி. கடைசி வரிசை வரைக்கும் முடிச்சு, மடிச்சு, தயாரா வச்சுட்டுத்தேன் ஆசுபத்திரிக்குப் போனேன். அதேன் நான் செஞ்ச தப்பு.”

“மதினி, விடுங்க” என்றாள் அம்மா.

அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சூடு தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன். தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு ஏன் எல்லோரும் குற்றவாளிக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளை தங்காது என்ற பயத்தில், பிறக்கும் முன்னால் அதற்கென்று புதுத் துணி சேர்த்து வைக்க மாட்டார்கள் என்பதும், எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய வேட்டிகள் மட்டும் கிழித்துத் துவைத்து அடுக்கப்பட்டது அதனால்தான் என்பதும் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயங்கள். வேட்டிகளை எண்ணியிருந்தேன். ஒன்பது.

அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். எவ்வளவு வேண்டுமானாலும் பின்னலாம், ஆனால் கடைசி வரிசையை மட்டும் கட்டக் கூடாது, கண்ணிகள் ஊசியிலேயே இருக்கட்டும். அதன்பிறகு கூடையை யாரும் தொடவில்லை. நூற்றுப்பத்தொன்பது வரிசை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த ஒரு வரிசையை அத்தை அபகரித்துக்கொள்வார், பிறகு ‘நாந்தேன் முடிச்சேன்’ என்பார் என்று தினமும் கூடையைத் திறந்து பார்த்தேன்.

சித்திரை இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம், ஆசுபத்திரியிலிருந்து அத்தை மட்டும் வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது. செருப்பைக் கழற்றவில்லை.

“பொம்பளப் பிள்ளை. நல்லா கத்துறா. ஏண்டி பாத்துக்கிட்டு இருக்க? எடு ஊசிய. இப்ப முடி.”

நான் முடித்தேன். எண்பத்தொரு கண்ணியையும் ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, என் கண்ணிகளை எண்ணினாரா என்று தெரியவில்லை. நான் உடம்பைத் திருப்பி, அவருக்கு மறைத்தபடியே கட்டினேன். நூலை வெட்டக் கத்தரிக்கோல் தேடியபோது அவர்தான் எடுத்து நீட்டினார்.

ஞானஸ்நானத்தன்று குழந்தை என் சால்வையில்தான் இருந்தாள். அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு சால்வையை அவர் கொண்டுவரவே இல்லை. அவருடைய கைப்பையைக்கூட நான் எட்டிப் பார்த்தேன்.

அன்று மாலை நோட்டில் வழக்கை முடித்து வைத்திருக்கிறேன். கையெழுத்து திருத்தமாக இருக்கிறது. ‘போட்டிச் சால்வை: தொண்ணூற்றாறு வரிசை. பிழை இல்லை. என்னுடையதைவிட நான்கு விரல் சிறியது. வெள்ளை நூல், இப்போது பழுப்பு. ஒரு தடவைகூடத் துவைத்த மாதிரி இல்லை. யாரும் போர்த்திய மாதிரியும் இல்லை. ஆகவே என்னுடையதே நல்லது. அத்தை தோற்றுவிட்டார்.’