கழற்றி வைத்த ஸ்பிறிங்

சின்னவிரல் நீளத்தில் ஒரு ஸ்பிறிங், சாவகச்சேரியில் இருக்கும் என் பட்டறையில், திருகாணிகள் போட்டு வைக்கும் பால்மாத் தகரத்துக்குள் கிடக்கிறது. அந்தத் தகரத்துக்குள் மற்றச் சாமான்கள் வருவதும் போவதுமாக இருக்கும். இதை மட்டும் நான் எடுத்துப் பாவிப்பதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உடைந்த வள்ளத்தின் பலகையில் ஒலிபெருக்கிப் பெட்டி அடித்தவன் நான். எரிந்துபோன அம்பிளிபயரின் செப்புச் சுருளைக் கையால் எண்ணி எண்ணிச் சுற்றி அதை மறுபடி பாட வைத்தவன் நான். சண்டையால் சாமான் ஒன்றும் வராத காலத்தில் மாட்டெலும்பை அராவி, கிற்றாரின் தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டை செய்தவனும் நான்தான். இரண்டு தரம் கூரை போன பட்டறையை இரண்டு தரமும் நானே எழுப்பினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் நான் செய்ததிலேயே திறமான வேலை.

எங்கள் பக்கத்து இசைக்குழு ஒன்றில் முதல் கிற்றார் வாசித்தவரை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குருநகர்க்காரர். ஒருநாள் காலையில் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பத்தாம் நம்பர் தந்திகளைக் கழற்றிவிட்டு, அதைவிட மெல்லிய ஒன்பதாம் நம்பர் போட வேண்டுமாம்.

"என்ன மாஸ்ரர், வயசு போகுதோ?"

"வயசு உங்களுக்கு, அண்ணை. எனக்குக் கம்பிதான் பாரம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது அவர் பிடரியைத் தடவிக்கொண்டார்.

அந்தக் கிற்றாரில் தந்தி மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தந்திகள் பூட்டியிருக்கும் இரும்புப் பிறிட்ஜ் மரத்தில் அழுந்தாமல் மிதந்து நிற்கும். முன்னால் ஆறு தந்திகள் இழுக்க, முதுகுப்பக்கக் குழிக்குள் மூன்று ஸ்பிறிங்குகள் எதிரே இழுக்கும். இரண்டு இழுவையும் சரிசமமாக இருந்தால்தான் அது நேராக நிற்கும். பிறிட்ஜில் பூட்டியிருக்கும் கைத்தண்டை அமத்திச் சுருதியை ஆட்டிவிட்டாலும் பழைய இடத்துக்கு வரும். மெல்லிய தந்தி போட்டதும் முன்னிழுவை குறையும். ஸ்பிறிங் வென்றுவிடும். பிறிட்ஜ் பின்னால் சாய்ந்து குழிக்குள் அமிழும். நான் ஒவ்வொரு தந்தியாக மாற்றினேன். முதுகுத் திருகாணியை அரைச் சுற்று இளக்கி, சுருதி சேர்த்து, பார்த்து, மறுபடி கால் சுற்று இளக்கினேன். மத்தியானம் கடந்தபோது பிறிட்ஜ் மட்டம் வைத்ததுபோல நின்றது. மாஸ்ரர் வாசித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி தளர்வாக இருந்தது. சந்தோஷத்தில் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் மறுபடி வந்தார். இந்தத் தரம் எட்டாம் நம்பர். தேத்தண்ணிக் கோப்பையை இடது கையில் வாங்கினார். அது நழுவி நிலத்தில் உடைந்தது. தந்தி அமத்தும் அந்தக் கையை அப்போதுதான் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளமாகக் கிடந்தது.

"ஒருத்தருக்கும் கதைச்சுப் போடாதேங்கோ, அண்ணை. கிற்றார்ச் சத்தமும் கீபோட்டிலை வருமெண்டு குழுவிலை உவங்கள் ஏற்கனவே சொல்லுறாங்கள். இது தெரிஞ்சால் என்னை மேடையிலை ஏத்த மாட்டாங்கள்."

"நான் இருக்கிறன், மாஸ்ரர். பயப்பிடாதேங்கோ."

எட்டாம் நம்பருக்கு மூன்று ஸ்பிறிங்கும் கூடிப்போயிற்று. நடுவில் இருந்ததைக் கழற்றிப் பால்மாத் தகரத்துக்குள் போட்டேன். தந்திகள் கழுத்தில் உரசிக் கிரீச்சிட்டன. கிற்றாரின் நீண்ட கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை இளக்கி அதையும் திருத்தினேன். அந்தக் கழுத்தின் வளைவை ஒற்றைக் கண்ணால் கால்மணி நேரம் பார்த்திருப்பேன். பக்கத்தில் பிடரியைத் தடவியபடி நின்ற மனிதனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கோயில் பெருநாள் மேடையில் மாஸ்ரரின் வாசிப்பைக் கேட்டவர்கள், கை கனிந்துவிட்டது, பூப்போல வாசிக்கிறார் என்றார்கள். நான் பின்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வாசிப்பு முடிந்ததும் அவருடைய மனுசி என்னிடம் வந்தார்.

"அண்ணை, இவர் இப்ப சேட்டுப் பொத்தானும் பூட்டுறாரில்லை. நடக்கேக்கை காலும் இழுபடுகுது. கேட்டால் கோவிக்கிறார். உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?"

மேடையைப் பார்த்தேன். மாஸ்ரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைப் பிள்ளை. என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை."

மனுசி தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னால் அவர் நம்புவார்.

பிறகு ஏழு மாதம். ஒத்திகைக்குப் போன இடத்தில் மாஸ்ரர் படியில் கால் மடங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கழுத்தெலும்பு உள்ளே வளர்ந்து நரம்பை நெரிக்கிறது, வெட்டினால் வருத்தம் மேலும் கூடாமல் நிறுத்தலாம், போன பலம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். "கை ஏலாமல் போக வெளிக்கிட்ட உடனை ஏன் வரேல்லை?" என்று அவர் கேட்டபோது மனுசி புருஷனைப் பார்த்தார். மாஸ்ரர் என்னைப் பார்த்தார். பிறகு மனுசியும் என்னைப் பார்த்தார்.

போன கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாஸ்ரர் கதிரையில் இருந்தார். இடது கை மடியில், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போலக் கிடந்தது. கிற்றார் சுவரில் தொங்கியது. கைத்தண்டை அமத்திவிட்டேன். இரண்டே ஸ்பிறிங்கில் பிறிட்ஜ் சாய்ந்து, எழும்பி, பழைய மட்டத்தில் வந்து நின்றது.

"உங்கடை வேலை இன்னும் பிழைக்கேல்லை, அண்ணை," என்றார் மாஸ்ரர்.

மனுசி குசினியிலிருந்து வெளியே வரவில்லை.

இப்போது இசைக்குழு தன்னைப் பற்றி மலர் ஒன்று அச்சடிக்கிறது. மாஸ்ரரைப் பற்றிய பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசியாக வாசித்த காலத்தில் அவர் கை கனிந்து புது இனிமை பிறந்தது என்று எழுதியிருக்கிறார்கள். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்த இனிமை எட்டாம் நம்பர்த் தந்தியிலும் இளக்கிய திருகாணியிலும் பிறந்தது. ஒரு கை செத்துக்கொண்டிருப்பதை ஒருவர் காதுக்கும் தெரியாமல் மறைத்தது என் வேலை. அப்படி ஒரு வேலையை இந்தக் குடாநாட்டில் வேறொருவன் செய்திருக்க மாட்டான்.

அதனால் மலர் போடுகிறவர்களிடம் கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். கிற்றாரை மட்டம் பார்த்து நிறுத்தியவன் இவன் என்று போடுங்கள். அதற்குக் கீழேயே, மனுசி வந்து கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை என்றவனும் இவன்தான் என்று போடுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாட்சி வேண்டுமென்றால் பட்டறைக்கு வாருங்கள். பால்மாத் தகரத்துக்குள் அந்த ஸ்பிறிங் கிடக்கிறது.