மீட்டர் சொன்னது பதினேழு

கார் டியூனிங் தொழிலில் மீட்டரைப் படிப்பது பெரிய கஷ்டமில்லை. வண்டிக்காரரும் கூடவே நின்று படிப்பதுதான் கஷ்டம். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டு

மந்தாரக்குப்பத்தில் என் பட்டறை. சைலன்சருக்குள் சென்சாரைச் செருகினால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று சேர்கிறது என்று மீட்டர் காட்டும். பதினாலே முக்கால் பக்கம் இருந்தால் அளவான கலவை. எண் ஏறினால் காற்று அதிகம், இறங்கினால் பெட்ரோல் அதிகம். வண்டி முக்கி இழுக்கும்போது பன்னிரண்டு வரை இறங்கலாம், தப்பில்லை.

இதைப் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்த ஒருவருக்குத் தொண்டை வறள விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். மேடு ஏறும்போது மீட்டர் பன்னிரண்டைக் காட்டியதும் பதறிப்போனார்.

"இன்னாங்க இது, லிட்டருக்குப் பன்னெண்டுதான் குடுக்குதா? ஷோரூம்ல இருவதுன்னு சொன்னாங்களே!"

பாய்லர் அண்ணாச்சி

அடுத்து வந்த அண்ணாச்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அனல் மின் நிலையத்தில் பாய்லர் கன்ட்ரோல் ரூமில் வேலை. ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தன் பழைய கார்புரேட்டர் காரிலேயே ஊர் போய்ச் சேர ஆசை. ஆனால் வண்டி நின்ற இடத்தில் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். "சரியாகலைன்னா வித்துட்டு ரயில்ல போவோம்" என்று அவர் வீட்டம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். எனக்குப் பாவமாக இருந்தது.

மீட்டர் பதினேழு காட்டியது. "காத்து அதிகம் அண்ணாச்சி, பெட்ரோல் பத்தல" என்றேன். அவர் ஒப்பவில்லை.

"தம்பி, பாய்லர்ல காத்து கொஞ்சம் கூடுதலா இருந்தாத்தான் நாங்க நிம்மதியா டீயே குடிப்போம்."

மூக்கு

நான் கேட்பேனா? கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டுப் பெட்ரோலைக் கூட்டினேன். மீட்டர் அசைவேனா என்றது. சைலன்சர் கரும்புகை கக்கியது, பட்டறையெல்லாம் பெட்ரோல் நாற்றம். என்னோடு வேலை பார்க்கும் காசி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மீட்டர் பெட்ரோல் பத்தலன்னு சொல்லிக்கினு இருக்குது, மூக்கு போதும் போதும்னுது. எதைண்ணே நம்பறது?"

டக்ட்

எனக்கு வந்த எரிச்சலில் மீட்டரைக் கழற்றித் தூர வீசியிருப்பேன். அண்ணாச்சிதான், எரிந்த புகை வரும் வழியில் ஓட்டை இருக்கிறதா பார் என்றார். வண்டியை ஓடவிட்டு, புகை ஓட்டை வழியாகவே வரட்டும் என்று சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தோம். இன்ஜின் பக்கத்து இணைப்பில் 'புஸ்' என்று சத்தம். புகை விட்டு விட்டுத்தான் வரும்; அந்த இடைவெளியில் இணைப்பின் விரிசல் வழியாக வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது.

இணைப்பில் கிழிந்திருந்த கேஸ்கட்டை மாற்றி, பழைய ஜெட்டையே திரும்பப் போட்டேன். அப்போதும் மீட்டர் பதினொன்று! வண்டி நடுங்கியதே பெட்ரோல் அதிகமாகித்தான்; நான் வேறு அதன் வாயில் இன்னும் ஊற்றியிருக்கிறேன். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்ததும் வண்டி சாதுவாக நின்றது. அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

"எங்க பாய்லர்ல புகை போற டக்ட் கிழிஞ்சாலும் மீட்டர் இப்படித்தான் கூசாமப் பொய் சொல்லும்."

டிரையல்

தீர்ப்பு மாறுமா என்பது அந்த அம்மா கையில். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து வடலூர் வரை போய் வந்தோம். அண்ணாச்சி ரோட்டைப் பார்த்ததைவிட அவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். பட்டறை வாசலில் இறங்கிய அந்த அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஊருக்கு இதுலயே போவோம். ஆனா 'புஸ்ஸு புஸ்ஸு'ன்னு சத்தம் வருதுன்னு நான் வருஷக்கணக்காச் சொல்லுதேன், இன்னைக்குத்தான் நின்னுருக்கு. மீட்டர் பாக்கவங்களுக்கெல்லாம் காது கேக்காதோ?"

இப்போதெல்லாம் சென்சாரைச் செருகுவதற்கு முன், முன்சீட்டில் உட்காருகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.